எந்த வேலைக்கு எந்தத் தண்ணி: உப்புத்தண்ணி வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சென்னையில் குடியேறிய மூன்றாவது மாதம், இஸ்திரிக்காரர் என் கறுப்புச் சுடிதாரைத் தூக்கிக் காட்டி, "என்னம்மா, சுண்ணாம்பு அடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு. பெட்டியை வைத்துத் தேய்த்தால் கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நான் அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணித் தண்ணியில் துவைத்து வளர்ந்தவளுக்குத் துணி வெளுப்பது தெரியும், சாயம் போவது தெரியும். துணியில் உப்பு பூப்பது தெரியாது.

அப்போது எனக்குத் தோன்றிய வழி எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான். சுத்திகரித்த தண்ணியிலேயே துவைத்துவிட்டால் என்ன? கேன் தண்ணியை மெஷினில் ஊற்றலாம், ஆர்.ஓ. குழாயை நீட்டிவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது மயக்கம் தெளிந்தது. முன்பக்கம் கதவு உள்ள மெஷின் ஒரு தடவை ஓட 50, 60 லிட்டர் குடிக்கும். மேலே மூடி திறக்கிற மெஷின் 100 லிட்டரையும் தாண்டும். 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்று வைத்தால்கூட ஒரு நடைத் துணிக்குத் தண்ணிச் செலவு மட்டும் 100 ரூபாய்க்கு மேல். ஆர்.ஓ. என்றால் அந்த 50 லிட்டரை எடுக்க 150 லிட்டர் வரை வெளியே கொட்ட வேண்டியிருக்கும். தண்ணி லாரிக்குக் காத்திருக்கிற ஊரில் இதைச் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார்.

ஆக, வீட்டு வேலைக்குச் சுத்திகரித்த தண்ணி வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். ஆனால் கொஞ்சமாக, சில இடங்களில் மட்டும். எந்த இடம் என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. ஓ.எம்.ஆர்., பள்ளிக்கரணை, கடற்கரையை ஒட்டிய பகுதிகள் என்று போர் தண்ணியையும் லாரித் தண்ணியையும் நம்பி இருக்கிற வீடுகளுக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உப்புத்தண்ணி உள்ள எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில் உங்கள் தண்ணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

செலவில்லாத சோதனை ஒன்று. ஒரு தண்ணி பாட்டிலில் பாதிவரை குழாய்த் தண்ணி பிடியுங்கள். குளியல் சோப்பிலிருந்து நகத்தளவு சீவிப் போட்டு, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை திரண்டு நின்று, அடியில் தண்ணி ஏறக்குறைய தெளிவாக இருந்தால் மென்மையான தண்ணி. நுரை வந்த வேகத்தில் அடங்கி, தண்ணி மோர் மாதிரி கலங்கி, ஓரத்தில் திரிதிரியாக ஒட்டினால் கடினநீர். இன்னொரு பாட்டிலில் கேன் தண்ணியை ஊற்றி இதையே செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் அறையும். துணி சோப்புத்தூளையோ ஷாம்புவையோ போட்டுச் சோதிக்காதீர்கள், அவை கடினநீரிலும் ஓரளவு நுரைக்கும், ஏமாந்துபோவீர்கள்.

அந்தத் திரி என்னவென்றால், தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்குகிற கரையாத பிசுக்கு. சோப்பு அழுக்கை எடுக்கப் போகவேண்டிய நேரத்தில் சுண்ணாம்போடு மல்லுக்கு நிற்கிறது. மிச்சம் துணியில் படிகிறது. துண்டு மொரமொரவென்று ஆவதும், வெள்ளைச் சட்டை சாம்பல் அடிப்பதும் இதனால்தான். பருப்பு வேகாமல் படுத்துவதும் இதே தண்ணிதான். அம்மா முதல் தடவை இங்கே வந்தபோது, குக்கர் ஆறு விசில் அடித்தும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில பருப்பே வேகல, அழுக்கு எங்க போகும்?" என்றாள். வேதியியல் படிக்காமல் சொன்ன சரியான வாக்கியம்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் கடினத்தன்மை பார்க்கிற சொட்டு மருந்துப் பெட்டி வாங்கலாம். மீன் தொட்டி சாமான் விற்கிற கடைகளில்கூட இருக்கும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணிக்கு வழியே இல்லை என்றால் 600 வரை. எங்கள் போர் தண்ணி 560 காட்டியது. 200-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் துவையுங்கள், இந்தக் கட்டுரையில் கண்ணாடி, இஸ்திரிப் பெட்டி பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

ஒரு வாளித் தண்ணியைப் பிடித்து இரண்டு மணி நேரம் அப்படியே வைத்தும் பாருங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, பிறகு மஞ்சள் பூத்தால் இரும்பு கலந்திருக்கிறது. இது தனித் தொல்லை, பின்னால் வருகிறேன்.

‘சுத்தமான தண்ணி' என்பது மூன்று விஷயம்

இங்கேதான் பலரும் காசைத் தொலைக்கிறார்கள், நானும் தொலைத்தேன். தெளிந்த தண்ணி, மென்மையான தண்ணி, உப்பே இல்லாத தண்ணி மூன்றும் வேறு வேறு.

மணலும் துணியும் படிகாரமும் கலங்கலைத் தெளிய வைக்கும். கிராமத்தில் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரசிவிடுவார்களே, அதுவும் அதற்குத்தான். இவை எதுவும் உப்பையோ சுண்ணாம்பையோ தொடாது. குழாயில் மாட்டுகிற பஞ்சு ஃபில்டரும் அப்படித்தான். மண்ணை நிறுத்தும், அவ்வளவே. அதை மாட்டிவிட்டு வெள்ளைக் கோடு போகவில்லையே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

இரண்டாவது, சாஃப்ட்னர். உள்ளே ரெசின் என்று சின்னச் சின்ன மணிகள் இருக்கும். அவை கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணியில் விடும். சுண்ணாம்பு போய்விடும், ஆனால் மொத்த உப்பு குறையாது. இது புரியாமல் நான் ஒரு கடையில் போய்ச் சண்டை போட்டேன். சாஃப்ட்னர் மாட்டிய மறுநாள், தண்ணியில் கரைந்திருக்கிற மொத்த உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் 1,240. மாட்டுவதற்கு முன்னும் அதே 1,240. ஏமாற்றிவிட்டார்கள் என்று மீட்டரோடு கிளம்பிவிட்டேன். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு பாட்டிலில் தண்ணி பிடித்து, இரண்டிலும் ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விட்டுக் குலுக்கி என் கையில் கொடுத்தார். ஒன்று மோர், ஒன்று கழுத்துவரை நுரை. "மேடம், இந்த மீட்டர் எவ்வளவு உப்புன்னு சொல்லும், என்ன உப்புன்னு சொல்லாது" என்றார். மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது, ஆர்.ஓ., கேன் தண்ணி, காய்ச்சி வடித்த தண்ணி. ஆர்.ஓ. சவ்வு கரைந்த உப்பில் பெரும்பகுதியை, நல்ல நிலையில் 90 சதவீதத்துக்கு மேல், வெளியே தள்ளிவிடும். காய்ச்சி வடித்ததில் உப்பு அநேகமாக இருக்காது. மழைத்தண்ணியும் இந்த வரிசைதான், வானமே வடித்துக் கொடுக்கிறது.

துவைக்க இரண்டாவது வகை போதும். பளபளப்பு வேண்டிய இடத்துக்கு மூன்றாவது. தரைக்கும் கழிப்பறைக்கும் எதுவுமே வேண்டாம்.

கையால் துவைக்கும்போது

கைத்துவையலைத்தான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எந்தக் கட்டத்தில் எந்தத் தண்ணி என்பதை இதில் நாமே தீர்மானிக்கலாம். மெஷினில் அந்தச் சுதந்திரம் இல்லை.

சோப்பு போடாமல் வெறும் தண்ணியில் பத்து நிமிடம் ஊறவைத்து, கசக்கி, வியர்வையையும் தூசியையும் முதலில் வெளியேற்றுங்கள். இதற்கு உப்புத்தண்ணியே போதும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணி இருந்தால் அதையும் ஊற்றலாம். இங்கே சோப்பே இல்லை, சுண்ணாம்பு சண்டை போட ஆளில்லை.

அடுத்து சோப்பு. இங்கே மென்னீர் வேண்டும். சாஃப்ட்னர் இல்லாதவர்களுக்குச் சலவைச் சோடா இருக்கிறது. மளிகைக் கடையில் வாஷிங் சோடா என்று கேளுங்கள். ஆப்பசோடா அல்ல, அது வேறு. எங்கள் தண்ணி மாதிரி 500-ஐ ஒட்டிய கடினத்தன்மைக்கு, 15 லிட்டர் வாளிக்கு மாவாக இருக்கிற சோடா 8 கிராம் கணக்கு, அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. கல்கல்லாக இருக்கிற சோடா என்றால் அதில் பாதிக்கு மேல் நீர்தான், 20 கிராம் தாராளமாகப் போடலாம். போட்டுக் கலக்கியதும் தண்ணி லேசாக வெள்ளைப் பூக்கும். பயப்பட வேண்டாம், கரைந்திருந்த சுண்ணாம்பு கட்டிப்பட்டு வெளியே வருகிறது. அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல்தண்ணியை இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். படியவிடாமல் அவசரப்பட்டுத் துணியை முக்கினால் அந்த வெள்ளை மாவு துணியிலேயே ஒட்டும். நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். கறுப்புச் சுடிதார் இன்னும் வெளுத்தது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைக்கும் முன் துணியை உவர்மண்ணில் தோய்ப்பார்களே, அந்த உவர்மண்ணில் இருப்பதும் முக்கியமாக இந்தச் சோடாதான். எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், தண்ணியையும் மென்மையாக்கும். பாக்கெட் சோப்புத்தூளில் பலவற்றிலும் இது ஏற்கெனவே கலந்திருக்கிறது. நம் தண்ணிக்கு அது பற்றாமல்தான் கூடுதலாகப் போடுகிறோம். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகவே ஆகாது. கை தோலையும் உரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டு, கம்பளி மாதிரி இளகின துணிக்குப் பூந்திக்கொட்டை நல்லது. நாலைந்து கொட்டையை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் வருகிற நுரை, சுண்ணாம்புத் தண்ணியிலும் சோப்பு மாதிரித் திரியாது. ஆனால் வெளிர் நிறப் பட்டுக்கு அதன் பழுப்பு ஏறிவிடக்கூடும், மூலையில் சோதித்துப் பாருங்கள். ஜரிகை வைத்த கனத்த பட்டை வீட்டில் எந்தத் தண்ணியிலும் நனைக்காதீர்கள் என்பதே என் கட்சி.

அலசுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோப்புத்தூளோ டிடர்ஜென்ட் கட்டியோ போட்டிருந்தால் முதல் அலசல் உப்புத்தண்ணியில் இருக்கலாம். பழைய மாதிரி எண்ணெயில் காய்ச்சிய சோப்புக்கட்டி என்றால், முதல் அலசலுக்கே மென்னீர் வேண்டும். இல்லாவிட்டால் துணியில் மிச்சமிருக்கிற சோப்பு அந்த இடத்திலேயே பிசுக்காக மாறி நூலுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசி அலசல்தான் முக்கியம். துணி காயும்போது தண்ணி மட்டும்தான் ஆவியாகிறது, அதிலிருந்த உப்பு முழுவதும் துணியில் தங்குகிறது. ஆகவே நல்லதண்ணி கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைக் கடைசிக்கு வைத்திருங்கள். கறுப்பு, கருநீலம், வெள்ளை என்று உப்பு எடுத்துக்காட்டுகிற நாலைந்து துணிகளை மட்டும் தனியே எடுத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, 5 லிட்டர் ஆர்.ஓ. தண்ணியில் ஒரு முக்கு முக்கிப் பிழிந்தால் போதும். பிழியாமல் முக்கினால் துணியில் நிற்கிற உப்புத்தண்ணியே அந்த 5 லிட்டரையும் உப்பாக்கிவிடும். வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விடுவதும் உண்டு, ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைக்கும், காய்ந்ததும் வாடை இருக்காது. அந்தக் கடைசித் தண்ணியைக் கொட்டாதீர்கள், மாப் போட அதைவிட நல்ல தண்ணி கிடைக்காது.

மெஷினுக்கு

மெஷினுக்குப் போகிற குழாயில் மாட்டுகிற சின்ன சாஃப்ட்னர் கிடைக்கிறது. வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே எத்தனை லிட்டர் ரெசின்? ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் சுண்ணாம்பைப் பிடிக்கும். உங்கள் தண்ணியில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருந்தால், ஒரு லிட்டர் ரெசினுக்கு 100 லிட்டர் மென்னீர். அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் லிட்டர் போட்டிருந்தால் அது வேறு யாருடைய தண்ணிக்கோ போட்ட கணக்கு. 2 லிட்டர் ரெசின் உள்ள சாஃப்ட்னர் எங்கள் வீட்டில் மூன்று நடைக்கு வருகிறது, பிறகு ரெசின் மறுபடி சுண்ணாம்பைப் பிடிக்க அதற்கு உப்பு போட வேண்டும்.

உப்பு போடுவது இப்படி. அயோடின் கலக்காத சுத்தமான உப்பை, எவ்வளவு என்று சாஃப்ட்னர் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குப் போட்டு, தண்ணியை மெதுவாக, சன்னமாக விடுங்கள். வேகமாக விட்டால் உப்பு வேலை செய்யாமலே ஓடிவிடும். அப்புறம் வெளியே வருகிற தண்ணியை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள், கரிப்பு போகும்வரை ஓடவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உப்பு போட்டுவிட்டு, போன் வந்ததில் மறந்து, அப்படியே மெஷினை ஓட்டிவிட்டேன். படுக்கை விரிப்பு அப்பளம் மாதிரி காய்ந்தது. மறுபடி அலச வேண்டியதாயிற்று.

சாஃப்ட்னர் மாட்டிய அன்றிலிருந்து சோப்புத்தூளைப் பாதியாகக் குறையுங்கள். பழைய பழக்கத்தில் அதே கரண்டி போட்டால் நுரை பொங்கி, மெஷின் நுரையை அடக்கவே தனியாக அலசிக்கொண்டிருக்கும். மிச்சம் பிடித்த தண்ணி அதில் போய்விடும். மென்னீரில் கை வழுவழுவென்று இருக்கும், சோப்பு போகவில்லை என்று தோன்றும். போய்விட்டது, நம்புங்கள்.

ஏற்கெனவே உப்புத்தண்ணியில் ஓடிய மெஷினில் உள்ளே பொருக்கு தட்டியிருக்கும். துணி போடாமல், 100 கிராம் எலுமிச்சை உப்பை டிரம்மில் போட்டு 60 டிகிரி வெந்நீரில் ஒரு நடை ஓட்டினால் கரையும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள், சிட்ரிக் அமிலம்தான் அது. உங்கள் மெஷின் புத்தகம் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அதே நேரத்தில் ப்ளீச்சிங் பவுடரோ வெளுக்கிற திரவமோ ஒரு சொட்டுகூட உள்ளே இருக்கக் கூடாது. அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது விளையாட்டல்ல. வினிகர், எலுமிச்சை, கழிப்பறை ஆசிட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மஞ்சள் தண்ணிக்காரர்கள் ப்ளீச்சைத் தொடவே வேண்டாம். இரும்பு கலந்த தண்ணியில் வெள்ளைத் துணி மஞ்சளடித்தால் கை தானாக ப்ளீச் பாட்டிலுக்குப் போகும். ப்ளீச் கரைந்திருக்கிற இரும்பைத் துருவாக மாற்றித் துணியிலேயே உறைய வைத்துவிடும், மஞ்சள் செம்பழுப்பாகும். எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்து அலசினால்தான் கறை இளகும். இரும்பு சாஃப்ட்னர் ரெசினையும் நாளாவட்டத்தில் கெடுத்துவிடும் என்பதால், அதற்கு முன்னால் இரும்பை நீக்குகிற வடிகட்டி தனியாக வேண்டும்.

ஆர்.ஓ. வெளியே தள்ளுகிற தண்ணி

இதை ஏதோ விஷம் மாதிரி பார்க்கிறவர்களும் உண்டு, தங்கம் மாதிரி சொட்டு விடாமல் செடிக்கு ஊற்றுகிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. வீட்டு மெஷின் நாலு லிட்டர் வாங்கி ஒரு லிட்டர் குடிக்கத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனது 1,240 டி.டி.எஸ். என்றால், வெளியே வருகிற மூன்று லிட்டரில் 1,600-ஐ ஒட்டி இருக்கும். உங்கள் போர் தண்ணியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உப்பு, அவ்வளவுதான். நாளைக்குப் பத்து லிட்டர் குடிதண்ணி எடுக்கிற வீட்டில் இப்படி முப்பது லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் இதைக் கையில் எடுத்து, டி.டி.எஸ். 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யவும், மற்ற இடங்களில் 60 சதவீதமாவது தண்ணி மீளும்படி செய்யவும் அரசுக்கு உத்தரவிட்டது.

கழிப்பறைக்கு ஊற்ற, துணியை முதலில் ஊறவைக்க, பால்கனி கழுவ, மிதியடி தேய்க்க, மாப் துணி அலச என்று இது தாராளமாக ஆகும். வண்டி கழுவினால் கடைசியில் உடனே துடைத்துவிடுங்கள், வெயிலில் காய்ந்தால் புள்ளி புள்ளியாக நிற்கும். தொட்டிச் செடிக்கு மட்டும் தினமும் ஊற்றாதீர்கள். உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், இலை நுனி கருகும்.

அந்தச் சன்னக் குழாயை ஒரு டிரம்முக்குள் விடும்போது மடங்காமல் பாருங்கள். மடங்கினால் சவ்வின் மேல் அழுத்தம் மாறி மெஷின் சரியாக ஓடாது. டிரம்முக்கு மூடி அவசியம். மூடாமல் தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணியில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். இன்னொன்றும் உண்டு. உள்ளே இருக்கிற கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால், இந்தத் தண்ணி சீக்கிரம் வழுவழுக்கும். இரண்டு நாளைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

தரை, கண்ணாடி, குழாய்

வெளிர் நிற டைல்ஸ் என்றால் எந்தத் தண்ணியிலும் மாப் போடலாம். கறுப்பு கிரானைட்டும் கரும் நிறத் தரையும்தான் காட்டிக்கொடுக்கும். சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளைப் படலம் தெரியும். அங்கே உப்புத்தண்ணியில் துடைத்து முடித்து, கடைசியாக நல்லதண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு இழுப்பு.

ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணி இந்த வேலைக்கென்றே பிறந்தது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு மிகக் குறைவு. சென்னை ஈரக்காற்றில் ஓர் இரவில் வாளி கணிசமாக நிறையும். தூசியும் பூசணமும் உலோகத் துணுக்கும் வரலாம் என்பதால் குடிக்கவோ பாத்திரம் கழுவவோ கூடாது. கண்ணாடிக்கும் கிரானைட் மேடைக்கும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன், வேறு திரவம் வாங்குவதில்லை.

கண்ணாடிக்கு சாஃப்ட்னர் தண்ணியும் காய்ந்தால் தடம் விடும், உப்பு அதிலும் இருக்கிறது அல்லவா? ஆனால் அது ஈரத்துணியில் வந்துவிடுகிற தடம். உப்புத்தண்ணி விடுகிற சுண்ணாம்புத் தடம் ஈரத்துணிக்கு மசியாது. குளியலறைக் கண்ணாடியிலும் குழாயிலும் அது பொருக்காகிவிட்டால், வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் பளபளப்பு முலாம் போய்விடும். மார்பிள் தரையில் வினிகரும் எலுமிச்சையும் படவே கூடாது, கல்லே சுண்ணாம்புதான், அரித்துவிடும். இதற்கெல்லாம் பதில், குளித்ததும் ரப்பர் வைப்பரால் கண்ணாடியை ஒரு இழுப்பு இழுப்பது. என் வீட்டில் யாரும் கேட்பதில்லை, நான் மட்டும்தான் செய்கிறேன்.

நீராவி இஸ்திரிப் பெட்டிக்கு முதலில் அதன் புத்தகத்தைப் பாருங்கள். சில பெட்டிகள் குழாய்த் தண்ணியே போதும் என்கும், கடினநீர் என்றால் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணி கலக்கச் சொல்லும். ஏ.சி. தண்ணியையும் மழைத்தண்ணியையும் இதில் ஊற்றவேண்டாம் என்று பல புத்தகங்களிலும் போட்டிருக்கும். பேட்டரிக் கடையில் வாங்கினால் ‘டிஸ்டில்டு வாட்டர்' என்று கேட்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள், அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் பார்க்க அதே மாதிரி கேனில் இருக்கும். மாறாக, இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணியோ கேன் தண்ணியோ ஊற்றாதீர்கள். நமக்கு அது சுத்தம், பேட்டரிக்கு அதிலும் உப்பு.

மழைக்காலம் வந்தால்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தத் தலைவலி பாதி குறையும். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டதால் மொட்டைமாடியிலிருந்து குழாய் இறங்கியிருக்கும். முதல் கால் மணி நேர மழை கூரைத் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிட்டு, பிறகு வருவதை வெள்ளைத்துணி கட்டிய டிரம்மில் பிடியுங்கள். துவைக்க இதைவிட நல்ல தண்ணி கிடையாது, சோப்பு கையை விட்டு வழுக்கி ஓடும். அது சரி, துவைத்ததைக் காயப்போட வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், அதற்கு என்னிடமும் வழியில்லை.

குலுக்கிப் பார்க்கிற அந்தச் சோப்புச் சோதனையை மே மாதம் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை செய்யுங்கள். நிலத்தடி நீர் இறங்கும்போது கடினத்தன்மை ஏறுவது உண்டு, லாரித் தண்ணியோ எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வாரத்துக்கு வாரம்கூட மாறும். சோடா அளவும் உப்பு போடுகிற இடைவெளியும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

வீடு மாறப்போகிறவர்கள், பார்க்கப் போகும்போதே கைப்பையில் ஒரு காலி பாட்டிலும் சோப்புத் துண்டும் கொண்டுபோங்கள். சமையலறைக் குழாயில் ஒன்று, குளியலறைக் குழாயில் ஒன்று பிடித்துக் குலுக்குங்கள், சில அடுக்ககங்களில் இரண்டுக்கும் வேறு வேறு தொட்டி இருக்கும். தரகர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.